கொத்தடிமை வழக்குகள் ஏன் நிற்பதில்லை?

2019 ஜூலையில் ஒரு படம் தமிழ்நாடு முழுக்கச் சுற்றியது. காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களில் இருந்து 42 பேரை வருவாய்த் துறையினர் மீட்டார்கள். பெரும்பாலும் இருளர் பழங்குடியினர், அவர்களில் குழந்தைகளும் உண்டு. மீட்க வந்த அதிகாரியின் காலில் ஒரு முதியவர் விழுந்து கிடந்தார். அந்தப் படத்தைப் பகிர்ந்த பலரும் "இந்தக் காலத்திலுமா இப்படி?" என்று கேட்டார்கள். அதைவிட முக்கியமாக எனக்குத் தோன்றுவது வேறு கேள்வி. ஆட்களை வேனில் ஏற்றி வெளியே கொண்டுவந்த பிறகு சட்டம் என்ன செய்கிறது? சூளை முதலாளிகளும் மரக் குத்தகைக்காரர்களும் ஏன் இவ்வளவு அபூர்வமாகவே சிறைக்குப் போகிறார்கள்?

சட்டம் போதவில்லை என்று சொல்லிவிடுவது எளிது. அது உண்மையில்லை. சட்டம் ஏராளமாக இருக்கிறது. வழக்கு தோற்கும் இடம் நீதிமன்றம் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அது மீட்பு நடக்கும் அதே நாளில், கோட்டாட்சியர் அலுவலக வராந்தாவிலேயே தோற்றுவிடுகிறது.

முதலில் ஒரு விஷயம். ஆள்கடத்தல் என்றதும் நம் மனதில் வருவது பாலியல் தொழிலுக்குப் பெண்களை விற்பதும், எல்லை தாண்டி லாரியில் ஆட்களை ஒளித்துக் கொண்டுபோவதும்தான். அதெல்லாம் நடக்கிறது. ஆனால் சட்டத்தின் கண்ணில் ஆள்கடத்தலுக்கு எல்லை தாண்டவே வேண்டாம். ஏமாற்றியோ, மிரட்டியோ, ஆசை காட்டியோ, அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தியோ ஆள் சேர்த்து, கூட்டிப் போய், தங்கவைத்துச் சுரண்டினால் அது ஆள்கடத்தல்தான். பக்கத்து ஊர்ச் சவுக்குத் தோப்புக்கு ஓர் இருளர் குடும்பத்தை ஐயாயிரம் முன்பணம் கொடுத்து அழைத்துப் போய், திரும்பிப் போக விடாமல் வைத்துக்கொண்டாலும் அதே குற்றம்தான். சம்பந்தப்பட்டவர் சம்மதித்துத்தான் வந்தார் என்பது குற்றவாளிக்குத் தப்பும் வழியாகாது என்று சட்டமே சொல்கிறது.

எல்லாம் தொடங்குவது முன்பணத்தில்தான். தமிழ்நாட்டுச் செங்கல் சூளைகளுக்கு ஆள் வரும் வழிகளில் ஒன்று ஒடிசாவின் மேற்கு மாவட்டங்கள்: பலாங்கீர், நுவாபடா. அங்கே ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் நுவாகாய் என்ற புதுநெல் திருநாள் வரும். வீட்டில் காசு தேவைப்படும் நேரம். ஆள் பிடிக்கும் தரகர் அப்போதுதான் முன்பணத்தோடு வருவார். மழை நின்றதும் காண்டாபாஞ்சி ரயில் நிலையத்தில் சட்டி பானையோடும் குழந்தைகளோடும் குடும்பம் குடும்பமாக ரயில் ஏறுவார்கள். செங்குன்றம் பக்கத்து அரிசி ஆலைகளுக்கும், திருவள்ளூர், காஞ்சிபுரம் பகுதிச் சூளைகளுக்கும், மரம் வெட்டுக்கும் உள்ளூர் இருளர் குடும்பங்கள் போவதும் இதே முன்பண வழியில்தான். ஒரு சாவு, ஒரு பிரசவம், ஒரு கல்யாணம் என்று வந்தால் பத்தாயிரம் கொடுக்க வேறு யாரும் இல்லை.

ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு குடும்பத்துக்கு 40,000 ரூபாய் முன்பணம். ஆயிரம் கல் அறுத்தால் 700 ரூபாய் என்று பேச்சு. புருஷன், பெண்டாட்டி, பெரிய பிள்ளை மூவரும் விடியுமுன் மண் குழைத்து நாளுக்கு ஆயிரம் கல் அறுக்கிறார்கள். வாரத்துக்கு ஆறு நாள் என்றால் 4,200 ரூபாய். அதில் 1,000 ரூபாயைச் 'செலவுக் காசு' என்று கையில் கொடுத்துவிட்டு மீதியைக் கடனில் கழிப்பதாகச் சொல்கிறார்கள். கணக்குப்படி பார்த்தால் பொங்கல் முடிந்து வேலை தொடங்கியவர்களின் கடன் சித்திரை பிறக்கும்போது அடைந்துவிட வேண்டும். ஆனால் சீசன் முடிவில் நோட்டைத் திறந்தால் இன்னும் 15,000 பாக்கி என்று எழுதியிருக்கும். மழையில் கரைந்த கல்லுக்குக் காசு கிடையாது. உடைந்த கல் எண்ணிக்கையில் வராது. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது வாங்கிக் கொடுத்த மருந்து, ஊருக்குப் போட்ட போன் எல்லாம் செலவுக் கணக்கில் ஏறியிருக்கும். அந்த நோட்டை எழுதுபவர் மேலாளர் ஒருவர்தான். வேலை செய்தவர்கள் அதைப் படித்ததே இல்லை. அடுத்த சீசனுக்கும் வருவதாக ஒப்புக்கொண்டால்தான் ஊருக்குப் போகலாம்.

இதற்கு எதிராக என்ன சட்டம் இருக்கிறது? அரசமைப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு ஆள்கடத்தலையும் கட்டாய உழைப்பையும் நேரடியாகவே தடை செய்கிறது. 1975 அக்டோபரில் அவசரச் சட்டமாக வந்து, 1976-இல் நாடாளுமன்றச் சட்டமானது கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம். அந்தச் சட்டம் ஒப்புதல் பெற்ற பிப்ரவரி 9-ஆம் தேதிதான் இன்றும் தமிழ்நாட்டு அலுவலகங்களில் உறுதிமொழி எடுக்கும் நாள். 2013-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 370-ஆவது பிரிவு திருத்தப்பட்டு ஆள்கடத்தல் தனிக் குற்றமானது. 2024 ஜூலை முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆவது பிரிவு. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியோ பழங்குடியோ ஆனால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும்.

1976-ஆம் ஆண்டுச் சட்டம் அன்றைய நிலையில் நிஜமாகவே துணிச்சலான சட்டம். கொத்தடிமைக் கடன் எல்லாம் அந்த நிமிடமே செல்லாது என்றது. அந்தக் கடனைத் திரும்ப வாங்குவதே தண்டனைக்குரிய குற்றம் என்றது. கடன் கொத்தடிமைக் கடன்தான் என்று தொழிலாளி சொன்னால், இல்லையென்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது என்றது. உச்ச நீதிமன்றம் 1982-இல் ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதே கட்டாய உழைப்புதான் என்று தீர்ப்பளித்தது. 1983 டிசம்பரில், கொத்தடிமைகளின் விடுதலைக்காகப் போராடிய பந்துவா முக்தி மோர்ச்சா அமைப்பின் வழக்கில் நீதிபதி பகவதி இன்னும் ஒரு படி மேலே போனார். கட்டாய உழைப்பு இருக்கிறது என்று தெரிந்தாலே அதற்குப் பின்னால் முன்பணம் இருப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டும், எழுத்தறிவில்லாத தொழிலாளியிடம் கடன் பத்திரம் கேட்கக் கூடாது என்பதே அதன் சாரம்.

சட்டம் இந்த அளவுக்குத் தொழிலாளியின் பக்கம் நிற்கிறது. சரி, அலுவலகத்தில் என்ன நடக்கிறது?

புகார் போனதும் விசாரிக்க வேண்டியவர், ஆர்.டி.ஓ. என்று எல்லாரும் சொல்லும் வருவாய்க் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர். விசாரணையை 24 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் 2017-இல் வெளியிட்ட நடைமுறை விதிகள் சொல்கின்றன. அந்த 24 மணி நேரத்தில் எந்தக் கேள்வி கேட்கப்படுகிறது என்பதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது.

வழக்கமான கேள்விகள் இவை: "அடிச்சாங்களா? பூட்டி வச்சாங்களா? சாப்பாடு போட்டாங்களா?" அடிக்கவில்லை, பூட்டவில்லை, வாரம் அரிசி கொடுத்தார்கள் என்று அந்த மனிதர் உள்ளதைச் சொல்வார். உடனே "கொத்தடிமை இல்லை, கூலித் தகராறு" என்று கோப்பு முடிந்துவிடும். ஆனால் சட்டம் பூட்டைக் கேட்கவே இல்லை. முன்பணத்தின் பேரில் நான்கில் ஒன்று நடந்திருந்தால் போதும்: கூலியில்லாமலோ பெயரளவுக் கூலிக்கோ வேலை செய்வது, வேறு வேலைக்குப் போக முடியாமல் இருப்பது, விரும்பிய இடத்துக்குப் போக முடியாமல் இருப்பது, தன் உழைப்பையோ உழைப்பால் விளைந்ததையோ சந்தை விலைக்கு விற்க முடியாமல் இருப்பது. ஒன்றே ஒன்று போதும்.

மீட்புப் பணியில் பழகியவர்கள் வேறு மாதிரி கேட்பார்கள். சந்தைக்கு வாரம் யார் போவது? குடும்பத்தோடு எல்லாரும் சேர்ந்து போனதுண்டா? கடைசியாக ஊரில் சாவு விழுந்தபோது போனீர்களா? போனபோது யாரை விட்டுவிட்டுப் போனீர்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் பதில் கொட்டும். புருஷன் போனால் பெண்டாட்டி இருக்க வேண்டும், இரண்டு பேரும் போனால் பிள்ளையை விட்டுவிட்டுப் போக வேண்டும். கதவுக்குப் பூட்டு எதற்கு? பிள்ளையே பிணை.

இன்னொன்று, கேள்வி எங்கே கேட்கப்படுகிறது என்பது. விசாரணை சூளையிலேயே, முதலாளி பத்தடி தள்ளி நாற்காலியில் உட்கார்ந்திருக்க நடந்தால் யார் வாய் திறப்பார்கள்? ஒடிசாக்காரர்களுக்கு மொழிபெயர்க்க அதே சூளையின் மேஸ்திரியையே கூப்பிட்டால்? அதிகாரிகள் வருவதற்கு முந்தின இரவே தகவல் போய், பாதிக் குடும்பங்களை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டால்? இதெல்லாம் பல மீட்புகளில் நடந்தவை. தொழிலாளிகளைத் தனி இடத்துக்குக் கொண்டுபோய், சாப்பிடவைத்து, கொஞ்சம் மூச்சுவிட வைத்து, ஒவ்வொரு குடும்பமாகப் பேச வேண்டும் என்பது விசாரணையின் அரிச்சுவடி. அதைச் செய்த இடங்களில் வாக்குமூலமே வேறாக இருக்கிறது.

அதிகாரிகளைக் கெட்டவர்கள் என்று சொல்வது என் நோக்கமில்லை. ஒரு கோட்டாட்சியருக்குப் பட்டா மேல்முறையீடு, சாதிச் சான்று, சாலை மறியல், வெள்ளம், தேர்தல் என்று ஆயிரம் வேலை. அதற்கு நடுவில், "என் கோட்டத்தில் கொத்தடிமை இருக்கிறார்கள்" என்று கையெழுத்துப் போடுவது தன் பகுதிக்கே கெட்ட பெயர் என்ற நினைப்பு இருக்கிறது. அப்படி ஒரு கையெழுத்துப் போட்டால் பாராட்டு கிடைக்கும் என்ற நிலை வந்தால் பாதிப் பிரச்சினை தீரும் என்று நம்புகிறேன்.

தொழிலாளியின் மனசாட்சியே அவருக்கு எதிராக வேலை செய்வதும் உண்டு. "கடன் வாங்கினேன், அடைச்சிட்டுத்தான் போகணும்" என்று சொல்பவர்கள் மிக நேர்மையான மனிதர்கள். விசாரணையில் அதுவே 'விருப்பப்பட்டு இருக்கிறார்' என்று பதிவாகிறது. அந்தக் கடன் சட்டப்படி எப்போதோ செத்துவிட்டது என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. சில இடங்களில் அதிகாரிகள் முன்னிலையிலேயே முன்பணத்தைத் திருப்பிக் கொடுப்பதாகப் பேசி அனுப்பிவைப்பார்கள். கடனைத் திரும்ப வாங்குவதே குற்றம் என்று சொல்லும் சட்டத்தின் கீழ் நடக்கும் விசாரணையில் இது நடக்கிறது!

விசாரணையின் முடிவில் கிடைக்க வேண்டியது விடுதலைச் சான்றிதழ். ஒரே ஒரு தாள். அந்தக் கடன் செல்லாது என்பதற்கு அதுதான் ஆதாரம், அரசு உதவிக்கு அதுதான் வாசல். அது கைக்கு வராமலேயே ரயில் ஏற்றி அனுப்பப்பட்டவர்கள், அரசின் பார்வையில் கொத்தடிமையாக இருந்ததே இல்லை. ஊரில் காத்திருக்கும் தரகரிடம் காட்டவும் அவர்களிடம் ஒன்றும் இருக்காது.

அடுத்தது போலீஸ். இங்கே எந்தப் பிரிவில் முதல் தகவல் அறிக்கை பதிவாகிறது என்பது எல்லாவற்றையும் மாற்றிவிடும். கொத்தடிமைச் சட்டத்தில் அதிகபட்சம் 3 ஆண்டு சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம். 1976-இல் 2,000 ரூபாய் பெரிய தொகை. இன்றைக்கு ஒரு லோடு செங்கல்லின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. அதோடு அது பிணையில் விடக்கூடிய குற்றம். முதலாளி காலையில் கைதாகி மாலையில் வீட்டுக்கு வந்துவிடலாம். ஆள்கடத்தல் பிரிவு அப்படி இல்லை. குறைந்தபட்சமே 7 ஆண்டு. ஒருவருக்கு மேல் கடத்தியிருந்தாலோ, குழந்தையைக் கடத்தியிருந்தாலோ 10 ஆண்டிலிருந்து ஆயுள் வரை போகும். எளிதில் பிணை கிடைக்காது, விசாரணை அமர்வு நீதிமன்றத்தில் நடக்கும். சூளையில் இருப்பது குடும்பங்கள், குழந்தைகளோடு. அப்படியிருந்தும் காவல் நிலையத்தில் பல நேரம் லேசான பிரிவு மட்டும்தான் எழுதப்படுகிறது. அன்றைக்கு ஒரு பிரிவு விடுபட்டால், பிறகு அதைச் சேர்க்க வைப்பதற்கே ஒரு தனிப் போராட்டம் நடத்த வேண்டியிருக்கிறது.

சட்டத்தின் வாசகத்திலும் ஓர் ஓட்டை இருக்கிறது. 2013 பிப்ரவரியில் வந்த அவசரச் சட்டத்தில் சுரண்டல் என்பதன் விளக்கத்தில் 'கட்டாய உழைப்பு' என்ற சொல் நேரடியாகவே இருந்தது. நாடாளுமன்றத்தில் சட்டமாக நிறைவேறும்போது அதைக் காணோம். உடல்ரீதியான சுரண்டல், பாலியல் சுரண்டல், அடிமைத்தனம், அதை ஒத்த வழக்கங்கள் போன்றவை மட்டும் நின்றன. புதிய நியாய சன்ஹிதாவில் பிச்சை எடுக்கவைப்பதைச் சேர்த்தார்கள், கட்டாய உழைப்பைச் சேர்க்கவில்லை. கொத்தடிமைத்தனம் அடிமைத்தனத்தை ஒத்த வழக்கம்தான், அதனால் பிரிவு பொருந்தும் என்று வாதாடலாம், வாதாடியும் வருகிறார்கள். ஆனால் நாட்டில் மிகப் பரவலாக நடக்கும் சுரண்டலின் பெயரையே சொல்லாத ஒரு பிரிவை, அரைமனதோடு இருக்கும் காவல் ஆய்வாளர் ஏன் கையில் எடுக்கப் போகிறார்? ஆள்கடத்தலுக்கென்று முழுமையான தனிச் சட்டம் கொண்டுவர 2018-இல் மக்களவை ஒரு மசோதாவை நிறைவேற்றியது. மாநிலங்களவையில் விவாதத்துக்கு எடுக்கப்படாமலே அது அடுத்த ஆண்டு காலாவதியானது. 2021-இல் இன்னொரு வரைவு வந்ததோடு சரி.

குற்றவாளிக் கூண்டில் யார் நிற்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஆள் பிடித்த தரகர் வேறு மாநிலத்தில் இருப்பார், அவரைத் தேடிப் போகத் தனிப்படை வேண்டும், செலவு வேண்டும். இடம் யார் பெயரில், சூளை யார் பெயரில், குத்தகை யார் பெயரில் என்று பார்த்தால் மூன்றும் வேறு வேறு ஆட்களாக இருப்பார்கள். கடைசியில் சிக்குவது ஒரு மேஸ்திரி. பல நேரம் அவரும் அதே ஊர், அதே சாதி, போன தலைமுறையில் தானும் கல் அறுத்தவர். பணத்தைக் கொடுத்தவரை விட்டுவிட்டுப் பணத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தவரைப் பிடிப்பதால் எந்தச் சூளையும் மூடப்போவதில்லை.

நீதிமன்றத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, எல்லாருக்கும் தெரிந்த கதைதான். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளைப் பார்த்தால், தீர்ப்பு வந்த ஆள்கடத்தல் வழக்குகளில் பெரும்பாலானவை விடுதலையில்தான் முடிந்திருக்கின்றன. வழக்கு விசாரணைக்கு வரும்போது சாட்சி பலாங்கீரில் இருப்பார், அல்லது வேறொரு சூளையில். வந்து போக ரயில் செலவு, இழந்த கூலி, தங்க இடம் எதுவும் முன்கூட்டிக் கிடைக்காது. இதற்கிடையில் ஊரில் மேஸ்திரியின் உறவினர்கள் பேசுவார்கள், கொஞ்சம் பணம் கைமாறும், அல்லது மிரட்டல் வரும். கூண்டில் ஏறியதும் "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்று சாட்சி மாறிவிடும். பிறழ் சாட்சி என்று பதிவு செய்து வழக்கு முடியும். கடத்தப்பட்ட குழந்தைகள் தம் மாவட்டத்தில் இருந்தபடியே காணொலி வழியாகச் சாட்சி சொல்ல 2022-இல் உச்ச நீதிமன்றம் வழி செய்தது. பெரியவர்களுக்கும் இதைத் தாராளமாகச் செய்யலாம், சட்டம் தடுக்கவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு பணம். 2016-ஆம் ஆண்டின் மத்திய மறுவாழ்வுத் திட்டப்படி, மீட்கப்பட்ட ஆணுக்கு 1 லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் 2 லட்சம், பாலியல் சுரண்டல், ஆள்கடத்தல் போன்ற கொடிய நிலைகளில் இருந்து மீட்கப்பட்டவர்களுக்கு 3 லட்சம் ரூபாய். கேட்க நன்றாக இருக்கிறது. உடனடியாகக் கைக்கு வருவது 20,000 ரூபாயாக இருந்தது, பிறகு 30,000 ஆக்கினார்கள். மீதி முழுத் தொகை, வழக்கில் குற்றம் நிரூபணமாவதோடு கட்டப்பட்டிருக்கிறது. இந்தத் திட்டத்தின் மிகப் பெரிய குறை இதுதான் என்பேன். போலீஸ் சரியான பிரிவைப் போடாததற்கும், அரசு வழக்கறிஞர் வாய்தா வாங்கியதற்கும், நீதிமன்றத்தில் நீதிபதி இல்லாததற்கும் தண்டனை அனுபவிப்பவர் மீட்கப்பட்டவர். முதல் தவணை சில மாதத்தில் கரைந்துவிடும். அடுத்த முன்பணம் வாசலுக்கு வரும்போது மறுக்க அவர் கையில் என்ன இருக்கிறது? விடுவித்துவிட்டு மறுவாழ்வு கொடுக்காமல் விடுவது, ஓர் அடிமைத்தனத்தில் இருந்து எடுத்து இன்னொன்றில் தள்ளுவதுதான் என்ற கருத்தை உச்ச நீதிமன்றம் 1984-இலேயே நீரஜா சௌத்ரி வழக்கில் வலியுறுத்திவிட்டது. ஒருவர் கொத்தடிமையாக இருந்தார் என்று சான்றிதழ் கொடுத்த அரசு, அந்தச் சான்றிதழை வைத்தே முழுத் தொகையையும் கொடுக்கலாம். குற்றவாளிக்குத் தண்டனை வாங்கித் தருவது அரசின் வேலை, மீட்கப்பட்டவரின் வேலை இல்லை.

மறுவாழ்வு முடியாத காரியமும் இல்லை. திருவள்ளூர் மாவட்டத்தில் விடுவிக்கப்பட்ட இருளர் குடும்பங்களே சேர்ந்து நடத்தும் செங்கல் சூளையை மாவட்ட நிர்வாகம் அமைத்துக் கொடுத்தது. அதே மண், அதே அச்சு, அதே கைகள். கணக்கு நோட்டு மட்டும் அவர்கள் கையில். மீட்கப்பட்டவர்களே அமைப்பாகச் சேர்ந்து அடுத்த மீட்புக்குத் தகவல் சொல்வதும், புதிதாக வந்தவர்களுக்கு விசாரணையில் துணைக்கு உட்கார்வதும் நடக்கிறது. பயத்தில் உறைந்திருக்கும் ஒருவரைப் பேசவைக்க, "நானும் அங்கதான் இருந்தேன்" என்று சொல்லும் ஆளைவிட வேறு யார் வேண்டும்?

எத்தனை பேர் இன்னும் உள்ளே இருக்கிறார்கள்? 1970-களின் பிற்பகுதியில் இருந்து நாடு முழுக்க விடுவிக்கப்பட்டவர்கள் மூன்று லட்சத்துக்குச் சற்று அதிகம் என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கிறது. அதே அரசு 2016-இல், 2030-க்குள் 1.84 கோடிப் பேரை விடுவிப்பதாக இலக்கு வைத்தது. இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே தெரியும். தமிழ்நாட்டு நிலவரமும் இப்படித்தான். உச்ச நீதிமன்றம் அமைத்த ஆணையம் 1995-இல் மாநிலத்தில் பத்து லட்சத்துக்கும் அதிகமான கொத்தடிமைகள் இருப்பதாக அறிக்கை கொடுத்தது. அரசு தானே கணக்கெடுத்தபோது கிடைத்த எண்ணிக்கை அதில் மிகச் சிறிய பங்கு.

மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாவட்ட ஆட்சியர்கள் புதிதாகக் கணக்கெடுக்க வேண்டும் என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கணக்கெடுக்கக் கண்காணிப்புக் குழுவும் சட்டத்திலேயே இருக்கிறது. மாவட்டத்தில் வசிக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினர் மூன்று பேர் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். அந்த மூன்று இடங்களில் மீட்கப்பட்டவர்களையே உட்காரவைக்கலாம், ஆட்சியரின் ஒரு கையெழுத்து போதும். கணக்கெடுக்கும் மாதத்தையும் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். மழைக்காலத்தில் போனால் சூளையில் ஒருவரும் இருக்க மாட்டார்கள், 'எவருமில்லை' என்று உண்மையாகவே எழுதிவிட்டு வந்துவிடலாம். மார்ச்சில் போக வேண்டும், சூளை முழு வேகத்தில் எரியும்போது. மரம் வெட்டுபவர்களுக்கு நிலையான முகவரியே கிடையாது, தோப்புக் குத்தகை முடிந்ததும் அடுத்த தோப்புக்கு நகர்ந்துவிடுவார்கள். எந்தத் தோப்பை யார் குத்தகைக்கு எடுத்திருக்கிறார் என்பது அந்தந்த ஊர் வி.ஏ.ஓ.வுக்குத் தெரியும், அவரிடமிருந்து அந்தப் பட்டியலை வாங்கித்தான் கணக்கெடுப்பைத் தொடங்க வேண்டும்.